பொக்கு மரம்

1984-இல் எனக்கு ஒன்பது வயது. அப்பா பொள்ளாச்சியில் ஒரு மர மில்லில் தடி பார்க்கிறவராக இருந்தார். லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு தடியையும் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. டங்கென்று வந்தால் உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறது. தொப்பென்று வந்தால் பொக்கு, உள்ளே காலி. சாக்கட்டியால் வட்டமோ பெருக்கல் குறியோ போட்டுவிட்டு அடுத்த தடிக்குப் போவார். லீவு நாட்களில் நானும் பின்னாலேயே போவேன். "கேட்டுப் பழகு கண்ணு, காதுதான் நமக்குச் சோறு போடுது" என்பார்.

அந்த வருஷம் சித்திரை மாதம் ஒரு பெருந்தடி வந்தது. ஏலத்தில் மொத்தமாக எடுத்த சரக்கில் ஒன்று. படுத்துக் கிடந்த தடியின் பக்கத்தில் போய் நின்றால் என் உச்சந்தலை அதன் மேல்விளிம்பைத் தொடவில்லை. அப்பா தட்டினார், கணீரென்று வந்தது, வட்டம் போட்டார். மூன்றாம் நாள் ரம்பத்தில் ஏற்றினார்கள். பாதித் தூரம் போனதும் ரம்பத்தின் இரைச்சல் திடீரென்று இளகிப்போனது. மில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிறுத்திப் பிரித்தபோது உள்ளே ஒரு பிள்ளை குந்தி உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அடியில் மக்கிய மரத்தூள், அதன்மேல் கோலிக்குண்டு பருமனில் கொட்டைகள் அடுக்கடுக்காக. ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக என் முழங்கையைவிட நீளமாக ஒரு இறகு. பக்கவாட்டில் வெளியே திறக்கும் ஒரு ஓட்டை. அதன் விளிம்பில் யாரோ பூசிவிட்ட காரை போல ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

மில் முதலாளி எல்லார் முன்னாலும் அப்பாவைப் பேசினார். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. இறகை நான் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

அது இருவாச்சியின் கூடு என்று எனக்குத் தெரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

ஆசிரியை வேலைக்காக வால்பாறைக்கு வந்த பிறகுதான் இருவாச்சியை முதலில் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே கொல்லன் துருத்தி இழுப்பதுபோல ஒரு சத்தம், சீராக, நெருங்கி வந்தது. அண்ணாந்தால் ஒன்றரை மீட்டர் இறக்கை விரிப்போடு ஒரு பறவை மரத்துக்கு மரம் தாவிப் போகிறது. மஞ்சள் மூக்கு, அதன்மேல் இன்னொரு மூக்கைக் கவிழ்த்துவைத்தது போன்ற கொண்டை, வெள்ளை வாலில் ஒரு கறுப்புப் பட்டை. வால் இறகைப் பார்த்ததுமே அந்தக் கணக்கு நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கேரளத்துக்காரர்கள் இதை மலமுழக்கி வேழாம்பல் என்கிறார்கள், மலையையே அதிரவைப்பது என்று பொருள். அவர்களுக்கு இது மாநிலப் பறவை. நம் பக்கம் இருவாச்சி, இருவாட்சி என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். இருவாச்சிகளில் இது பெரிய இருவாச்சி.

இப்போது பதினைந்து வருஷமாக, தை மாதம் பிறந்தால் வாரக் கடைசிகளில் கூடு பார்க்கப் போகிறேன். கூட வருபவர் காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணன். தன் பெயரையும் மரங்கள் இருக்கும் இடத்தையும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இடம் தெரிந்தால் படம் எடுக்கிறவர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள் என்பது அவர் கவலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என் பள்ளியில் அவர் பேத்தி படித்ததால் இன்றைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதல் வருஷம் அவரிடம் கேட்டேன். "மேல பாக்காதீங்க டீச்சர், கீழ பாருங்க" என்றார். பொந்துக்குள் இருக்கும் பெண் பறவை எச்சத்தையும் கொட்டைகளையும் வாசல் வழியாகவே வெளியே தள்ளும். மரத்தின் பட்டையில் வெள்ளையாக வழிந்திருக்கும். அடியில் காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், அகில் என்று விதைகள் கலந்து கிடக்கும். பழைய கூடாக இருந்தால் போன வருஷத்து விதைகள் முளைத்து, அந்த மரத்தடியில் மட்டும் வேறொரு குட்டிக் காடு எழும்பியிருக்கும். தாய்மரம் பக்கத்தில் எங்கேயும் இருக்காது.

இருவாச்சியின் வாழ்க்கை முழுவதும் ஒரு பொந்தில் தொங்குகிறது. தை மாத வாக்கில் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் பழக்கூழையும் மரச்சில்லுகளையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். ஒரு மூக்கு நுழையும் கீற்று மட்டும் மிச்சம். மில்லில் நான் பார்த்த காரை அதுதான். உள்ளே போனதும் பறப்பதற்கான இறகுகளை உதிர்த்துவிடும். ஒன்றோ இரண்டோ முட்டை. அடைகாப்பு நாற்பது நாள் அளவில். அதற்குப் பிறகு குஞ்சு. சுமார் நான்கு மாதத்துக்கு அந்தக் குடும்பத்துக்கு ஆண் பறவை ஒன்றே வெளியுலகம். அது தொண்டைக்குள் அத்திப்பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, கீற்று வழியாக நீட்டும். ஒரே வருகையில் ஐம்பதுக்கு மேல் நான் எண்ணியிருக்கிறேன். எண்ணி முடித்தபின் அண்ணன் தன் கணக்கைச் சொல்வார், என்னுடையதைவிட இரண்டு மூன்று கூடுதலாகவே இருக்கும், அவர் கணக்குதான் சரியாகவும் இருக்கும்.

இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. இதுதான் நான் எழுத வந்த விஷயத்தின் முடிச்சு.

மரத்தில் தானே துளைபோடும் பறவைகள் சில உண்டு. மரங்கொத்தி போடும், குக்குறுவான் பட்ட கிளையில் போடும், தீக்காக்கை உளுத்து மிருதுவான முண்டுக்கட்டையில் பறித்துக்கொள்ளும். மரங்கொத்தி விட்டுப்போன வீட்டில் மைனாவும் கிளியும் சின்ன ஆந்தையும் குடிவரும். உலகத்தில் 1,800-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் மரப்பொந்தில் கூடு வைப்பவை, அவற்றில் பெரும்பாலானவை அடுத்தவர் போட்ட துளையையோ தானாக உண்டான துளையையோ தேடுகிறவை. வட அமெரிக்கக் காடுகளில் இந்தத் தேவையைப் பெரும்பாலும் மரங்கொத்திகளே தீர்த்துவிடுகின்றன என்று 2011-இல் வந்த ஒரு உலகளாவிய ஆய்வு சொன்னது. மற்ற கண்டங்களில் பெரும்பங்கு பொந்துகள் மரம் தானாக உளுத்து உண்டானவை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள இருவாச்சி நுழையும் பொந்தை நம் காட்டில் எந்த மரங்கொத்தியும் செய்துதர முடியாது. அதைக் காலம்தான் செய்யவேண்டும்.

எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். காற்றில் ஒரு பெரிய கிளை முறிகிறது. முறிந்த இடம் பட்டை மூடுவதற்குள் மழை இறங்கி, பூஞ்சை நுழைகிறது. மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் உயிரில்லாத பகுதி. அது மரத்துக்கு முதுகெலும்பு மாதிரி நிற்குமே தவிர, தண்ணீரைக் கடத்துவது வெளிச்சுற்றில் இருக்கும் வெளிறு. பூஞ்சை நடுவைத் தின்னுகிறது. கரையானும் எறும்பும் பின்னாலேயே வருகின்றன. வெளியே மரம் தன் பாட்டுக்கு இலைவிட்டு, பூத்து, காய்த்துக்கொண்டிருக்கிறது. இப்படி உள்ளே காலியாகிக்கொண்டே ஒரு மரம் நூறு வருஷத்துக்கு மேலும் நிற்க முடியும். குழாய் எப்படி உறுதியாக நிற்கிறதோ அப்படி.

அப்பாவின் பேரேட்டில் பொக்கு மரத்துக்கு ஒரு பத்தி இருந்தது. அதன் தலைப்பு 'கழிவு'. பொக்கு என்றால் செத்துக்கொண்டிருக்கிற மரம் என்று அவர் நினைத்தார். அவர் மட்டுமா? நூற்றைம்பது வருஷக் காட்டு நிர்வாகமே அப்படித்தான் நினைத்தது.

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் போனவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரின் கதை தெரிந்திருக்கும். மேலே வெட்டிய தேக்குத் தடிகளைச் சரிவில் சறுக்கிவிட்ட இடம். ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டப் பம்பாய்க்குப் போனது, பிறகு ரயில் பாதைக்குக் கட்டையாகப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் காடு மொட்டையாகிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் அதைத் திருப்பி வளர்த்தார். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர் வரவிட்டு, வெட்டாமல் ஓய்வு கொடுத்து, ஊன்றுகோலால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933-இல் இறந்தவரை அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் உன்னைச் சுற்றிப் பார் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. அங்கே நின்று சுற்றிப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்த, ஒரே வயசான, ஒரே மாதிரியான தேக்குகள். அந்த மனிதர்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு, அவர் இல்லாவிட்டால் அந்த மலை புல்வெளியாகிப் போயிருக்கும். ஆனால் அவர் காலத்துக் காட்டியல் வளர்க்கத் தெரிந்துகொண்டது மரத்தை. முற்றிய மரம், வளைந்த மரம், உளுத்த மரம் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவை, அவற்றை எடுத்தால் இளமரத்துக்கு வெளிச்சம் கிடைக்கும் என்பது அந்தப் படிப்பின் பாலபாடம். 'காட்டைச் சுத்தம் செய்வது' என்று அதற்குப் பெயர். இன்றும் அந்தச் சொல் நம் வாயில் இருக்கிறது.

டாப்ஸ்லிப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரியன் சோலை இருக்கிறது, வெட்டுக்குத் தப்பிய பசுங்காடு. 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் என்ற தமிழ் ஆய்வாளர் ஆனைமலையில் பெரிய இருவாச்சியின் கூடுகளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். அவருக்கும், சாம்பல் இருவாச்சியை ஆராய்ந்த திவ்யா முடப்பாவுக்கும் முன்னால், இந்த மலையின் இருவாச்சிகள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்று முறையாக எழுதிவைத்தவர்கள் அநேகமாக இல்லை. காடர்களுக்குத் தெரியும், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒன்றுதான்: கூட்டுமரம் என்பது சுற்றியிருக்கும் மரங்களில் பெரிது. தேக்குத் தோட்டம் எத்தனை சதுர மைல் இருந்தாலும் அதில் இருவாச்சி தன் பிள்ளையை வைக்க இடமில்லை.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட மரம், நோயுற்ற மரம், பட்டுக்கொண்டிருக்கும் மரம், காற்றில் சாய்ந்த மரம், ஆற்றில் அடித்துவந்த கட்டை, புல் எதையும் அகற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கின் கிளையாக வந்த உத்தரவு அது. அந்த வழக்கில் வந்த எத்தனையோ உத்தரவுகளில் பத்திரிகைகள் அதிகம் பேசாதது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கோ அதுதான் பெரிது. பட்ட மரத்துக்கும் காட்டில் வேலை இருக்கிறது என்று இந்த நாட்டுச் சட்டத்தின் வாய் முதல்முறையாகச் சொன்னதுபோல இருந்தது. அதே உத்தரவு, விறகும் புல்லும் எடுத்துப் பிழைத்த காட்டு மக்களைத் தடுக்கவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காடர் அண்ணன் வீட்டு அடுப்புக்கு ஒரு சுள்ளி எடுத்தால் குற்றம் என்று ஆக்குவதில் இருவாச்சிக்கு எந்த லாபமும் இல்லை. காய்ந்த சுள்ளியில் யாரும் கூடு வைப்பதில்லை.

உத்தரவு சரணாலயத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது, இருவாச்சி நிற்பதில்லை. வால்பாறை மேட்டில் 1890களிலிருந்து பெருமளவில் காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். நடுவில் அங்கங்கே துண்டு துண்டாகச் சோலைகள் தப்பின. தேயிலைக்கு நிழலாக சில்வர் ஓக் நிற்கிறது, அதையும் வருஷா வருஷம் கவாத்து செய்வார்கள். சில காப்பித் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் மட்டும் பழைய காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்: வெடிபலா, சோலைவேங்கை, நாங்கு, அத்தி. நான் பார்க்கும் கூடுகளில் இரண்டு அப்படிப்பட்ட காப்பித் தோட்டத்தில்தான் இருக்கின்றன. கீழே பெண்கள் காப்பிப்பழம் பறிக்கிறார்கள், மேலே கீற்று வழியாக ஒரு மூக்கு எட்டிப் பார்க்கிறது. பறிக்கிற அக்காமார்களுக்கு அந்தக் குடும்பத்தின் போக்குவரத்து நேரம் அத்துபடி. "இன்னைக்கு அப்பங்காரன் லேட்டுங்க டீச்சர்" என்று ஒருத்தி எனக்குத் தகவல் சொன்னாள்.

மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்று 1955-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டிருக்கிறது. அனுமதி கேட்கும் மனுவில் என்ன மரம், எத்தனை சுற்றளவு, ஏன் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். அதில் பொந்து உண்டா, யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்கும் வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எழுத இன்னும் கை தயங்குகிறது. மலைச் சாலையோரம் ஒரு தான்றி மரம் இருந்தது. அதில் ஒரு ஜோடி சாம்பல் இருவாச்சி தொடர்ந்து மூன்று வருஷம் கூடு வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. பெரியதில் பாதி அளவுகூட இருக்காது, கிழவர் சிரிப்பதுபோலக் குரல். ஒரு பங்குனி மாதம் மரத்தின் ஒரு கிளை முறிந்து சாலையில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆபத்தான மரம் என்று முடிவானது. நான் மனு எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் மரம் துண்டுகளாகக் கிடந்தது. ஒரு துண்டில் அந்தப் பூசிய கீற்று வானத்தைப் பார்த்து இருந்தது. உள்ளே இருந்த பறவை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் காலையில் ஆண் பறவை பழத்தோடு வந்து மின்கம்பியில் உட்கார்ந்து, மரம் இருந்த இடத்தையே பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். நான்காம் நாள் வேறு வழியாகப் பள்ளிக்குப் போனேன்.

சாலையில் போகிறவர்கள் தலையில் மரம் விழட்டும் என்று யார் சொல்வார்கள்? என் பள்ளிப் பிள்ளைகளும் அந்தச் சாலையில்தான் வருகிறார்கள். ஆனால் கிளைகளைக் கழித்து, உச்சியைக் குறைத்து, அடிமரத்தை இருபது முப்பது அடிக்கு நிற்கவிட்டிருந்தால் ஆபத்தும் போயிருக்கும், பொந்தும் இருந்திருக்கும். கிளை முறிந்த பங்குனியிலிருந்து குஞ்சு பறக்கும் வைகாசி வரை பொறுக்க முடியாத ஆபத்தும் இல்லை அது. வெட்டுவதற்கு முன்னால் கூடு பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து அரை மணி நேரம் மரத்தடியில் உட்காரவைத்திருந்தால் போதும். அப்படிப்பட்ட மனிதர்கள் இந்த மலையில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். ஒருவர் அன்று என் கூடவே வந்து மனுவை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வெட்டினா என்ன, பத்து மரம் நட்டுடலாம்" என்று அன்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். மரம் நடுவதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து, தோட்ட நிறுவனங்களின் ஒப்புதலோடு, சிதைந்த சோலைத் துண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு மர இனங்களின் கன்றுகளை நட்டு வளர்த்துவருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் நாற்றுப் பையில் மண் நிரப்பக் கற்றுக்கொண்டதே அங்கேதான். லண்டானா என்ற களைச்செடி மண்டிக்கிடந்த இடத்தில் இன்றைக்கு அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு மரங்கள், நடுவில் சிங்கவால் குரங்குகள். இருவாச்சி அங்கே பழம் தின்ன வருகிறது. கூடு வைக்க வராது. அந்தக் கன்றுகளில் ஒன்று பெருமரமாகி, ஒரு கிளையை இழந்து, உள்ளே உளுத்து, ஒரு பெண் பறவை திரும்பி உட்காரும் அளவுக்குப் பொந்தாவதை என் பேத்தியின் பேத்தி பார்க்கலாம். கன்றை நர்சரியில் வாங்கலாம், பொந்தை எந்த நர்சரியும் விற்பதில்லை. அதுவரை நடுவில் வரும் தலைமுறை இருவாச்சிகளுக்கு இப்போது நிற்கும் கிழட்டு மரங்களைத் தவிர வேறு முகவரி கிடையாது.

பெட்டி வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒன்றரை நூற்றாண்டு அளவுக்குக் காணாமல்போயிருந்த ஒரு வகை இருவாச்சி 1994-இல் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பெருமரங்கள் இல்லாத ஊரில் செயற்கைக் கூடுகளை மரத்தில் கட்டி அதைப் பெருக்கினார்கள். இப்போது நகரத்துக்குள்ளேயே பறக்கிறது. ஆனால் உயிர்மரத்தின் கனத்த சுவருக்குள் இருக்கும் குளுமையும் ஈரப்பதமும் பெட்டிக்குள் சுலபமாக வராது. தாய்லாந்தில் 1978-இல் இருவாச்சி ஆய்வைத் தொடங்கிய பிலாய் பூன்சவாட் அம்மையார் செய்தது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பொந்துகளும் மூப்படையும் என்று அவர்கள் கண்டார்கள். தரை மக்கி இறங்கிவிட்டால் உள்ளே உட்காரும் பறவைக்கு வாசல் எட்டாது. பட்டை வளர்ந்து வாசலே மூடிக்கொள்ளும். அவர்கள் மரமேறி, பொந்தின் தரையை மண் போட்டு உயர்த்தினார்கள், மூடிய வாசலைச் செதுக்கி அகலப்படுத்தினார்கள். கைவிடப்பட்ட வீடுகளுக்குப் பறவைகள் திரும்பி வந்தன. தெற்கே புடோ மலையில் குஞ்சு திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களே கூட்டுக் காவலர்களாக மாறினார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு உறவுக்காரக் கதைகள் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் பாக்கே காட்டை ஒட்டி வாழும் நிஷி மக்கள் தங்கள் தொப்பியில் இருவாச்சியின் மூக்கைச் சூடிக்கொள்கிற வழக்கமுடையவர்கள். அந்த மூக்குக்குப் பதில் கண்ணாடி இழையில் செய்தது வந்தது. 2011 வாக்கில் தொடங்கிய கூடு தத்தெடுப்புத் திட்டத்தில் நகரத்துக்காரர்கள் பணம் தர, ஊர்க்காரர்கள் கூடுகளைக் காக்கிறார்கள். ஆனைமலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து வாழச்சாலில், ஒரு காலத்தில் குஞ்சை எடுத்துச் சமைத்த காடர்கள் இப்போது கூட்டுக்குக் காவல் இருந்து, வருஷா வருஷம் கணக்கு எழுதுகிறார்கள். எங்கள் அண்ணனின் மச்சான் அவர்களில் ஒருவர். "முன்ன தின்னதுக்கு இப்ப காவல் நிக்கிறோம்" என்று அண்ணன் சொல்வார். அதில் வருத்தம் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமை இருக்கும்.

அவர் கணக்கு நோட்டு என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. மரத்தின் பெயர், சுற்றளவு, பொந்தின் திசை, அடைத்த நாள், குஞ்சு பறந்த நாள். அதோடு இன்னொரு பத்தியும் உண்டு: இப்போது யாரும் குடியில்லாத, ஆனால் நாளைக்கு வரக்கூடிய பொந்து மரங்கள். அதில் சிலவற்றில் தேனீ இருக்கும், ஒன்றில் உடும்பு, ஒன்றில் பறக்கும் அணில். அவற்றையும் எழுதிவைக்கிறார். வன நிர்வாகத்தின் திட்டப் புத்தகங்களில் யானைக்கும் புலிக்கும் கணக்கு உண்டு, மரங்களுக்குக் கணக்கு உண்டு. இந்தக் கடைசிப் பத்தியையும் அவர்கள் சேர்த்துக்கொண்டால், தோட்டங்களும் தங்கள் எல்லைக்குள் நிற்கும் பொந்து மரங்களுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும் என்று நான் நம்புகிறேன். எண் உள்ள மரத்தை வெட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும்.

போன வருஷம் ஆனி மாதம் அப்பாவை வால்பாறைக்கு அழைத்துவந்தேன். எண்பத்தைந்து முடிந்துவிட்டது, கண் பரவாயில்லை, காது மந்தம். காப்பித் தோட்டத்துக் கூட்டில் குஞ்சு பறந்து இரண்டு வாரம் ஆகியிருந்ததால், அண்ணன் எங்களை மரத்தடிக்கே கூட்டிப்போனார். கூடு நடக்கும் நாட்களில் அவ்வளவு பக்கத்தில் போகவிடமாட்டார். பெரிய நாங்கு மரம். அப்பா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. கன அடி போடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அண்ணனைப் பார்த்து, "உள்ள யாரும் இல்லீங்களே?" என்று கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டியதும், ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்துத் தண்டில் தட்டினார். காதைப் பட்டைமேல் வைத்து மறுபடி தட்டினார். சத்தம் எனக்குக் கேட்டது. டங்.

"கீழ வைரம்" என்றார். நிமிர்ந்து மேலே அறுபது எழுபது அடி உயரத்தில் தெரிந்த வாசலைப் பார்த்தார். வெள்ளையாக வழிந்திருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே கீழே வந்து, மரத்தடியில் முளைத்திருந்த குங்கிலியக் கன்றுகளில் கண் நின்றது. அவற்றை மிதிக்காமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

வெகுநேரம் கழித்து, ஜீப்புக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு அந்தத் தடி வந்துச்சே கண்ணு, உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அடிப்பக்கம் மட்டும்தான் தட்டுனேன். ஓட்டை மேல இருந்துச்சு. கண்ணுல பட்டுச்சு. கணுவுன்னு நெனச்சுட்டேன்."

ஞாபகம் இருக்கிறது அப்பா என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பித் திரும்பி மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.